சாவைப் பற்றியும் பேசிய பக்கத்து வீட்டுக்காரர்

2003 பிப்ரவரி 27 அன்று, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் தன் வீட்டில் காலமானார் ஃப்ரெட் ரோஜர்ஸ். வயிற்றுப் புற்றுநோய். இன்னும் மூன்று வாரம் இருந்திருந்தால் 75 வயது நிறைந்திருக்கும். மறுநாள் அந்த ஊரின் போஸ்ட் கெஜட் நாளிதழ் முதல் பக்கத்தில் அவர் செய்தியை வெளியிட்டதோடு, அவருக்கென்று தனிப் பகுதியும் ஒதுக்கியது. நாடாளுமன்றப் பிரதிநிதிகள் சபை ஒருமனதாக அஞ்சலித் தீர்மானம் நிறைவேற்றியது. மே 3 அன்று ஹெய்ன்ஸ் ஹால் அரங்கில் நடந்த நினைவுக் கூட்டத்துக்குச் சுமார் 2,700 பேர் திரண்டார்கள். இத்தனைக்கும் அவர் ஆட்சியில் இருந்தவரும் இல்லை, சினிமா நட்சத்திரமும் இல்லை. பொதுத் தொலைக்காட்சியில் சின்னக் குழந்தைகளோடு பேசிக்கொண்டிருந்தவர், அவ்வளவுதான்.

அவர் நடத்திய 'மிஸ்டர் ரோஜர்ஸ் நெய்பர்ஹுட்' நிகழ்ச்சி 1968 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஒளிபரப்பாகத் தொடங்கியது. 2001 ஆகஸ்டில் கடைசிப் புதுப் பகுதி வந்தது. மொத்தம் சுமார் 900 பகுதிகள். பாடிக்கொண்டே கதவைத் திறந்து உள்ளே வருவார். கோட்டைக் கழற்றி, அம்மா பின்னிக்கொடுத்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்வார். ஷூவை மாற்றுவார். தொட்டியில் இருக்கும் மீன்களுக்குத் தீனி போடுவார். அப்புறம் கேமராவைப் பார்த்து, எதிரே ஒரே ஒரு குழந்தைதான் உட்கார்ந்திருப்பதுபோல நிதானமாகப் பேசுவார். மீனுக்குத் தீனி போடுவதை வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போடுவது அவர் வழக்கமானதற்கு ஒரு கடிதம் காரணம். அவர் சொல்லாவிட்டால் மீன் பட்டினி கிடக்கிறதோ என்று பார்வையற்ற ஒரு சிறுமி தவித்துப்போகிறாள் என்று அவள் வீட்டிலிருந்து எழுதியிருந்தார்கள்.

மீனுக்கு ஒரு குழி

லாட்ரோப் என்ற சிற்றூரில் பிறந்து, இசை படித்து, 1963இல் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையின் போதகராகப் பட்டம் பெற்றவர் ரோஜர்ஸ். முகத்தில் கேக்கை வீசி அடித்துச் சிரிக்கவைக்கும் நிகழ்ச்சிகளைப் பார்த்து, இந்தப் பெட்டியை இதைவிட நல்லதுக்குப் பயன்படுத்தலாமே என்று தொலைக்காட்சிக்குள் வந்தவர். மார்கரெட் மெக்ஃபார்லண்ட் என்ற குழந்தை உளவியலாளரிடம் பல ஆண்டுகள் ஆலோசனை கேட்டுக் கேட்டுத்தான் பகுதிகளை எழுதினார். குழந்தையின் கோபம், பயம், பொறாமை, பெற்றோரின் விவாகரத்து எதையும் அவர் ஒதுக்கவில்லை.

சாவையும் ஒதுக்கவில்லை. 1968 ஜூனில் அமெரிக்க செனட்டர் ராபர்ட் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டபோது, அவசரமாக ஒரு சிறப்பு நிகழ்ச்சி செய்தார். படுகொலை என்றால் என்ன என்று அதில் புலிப் பொம்மை டேனியல் கேட்டது. டிவியில் திரும்பத் திரும்ப அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகளின் மனதில் இருந்த கேள்விதான் அது. வீட்டுக் குழந்தைகளைக் கவனியுங்கள் என்று பெற்றோரிடமும் அந்த நிகழ்ச்சியிலேயே கேட்டுக்கொண்டார்.

1970இல் வந்த ஒரு பகுதியில் தொட்டியில் ஒரு மீன் செத்துக் கிடந்தது. வலையால் எடுத்து உப்புத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். பிழைக்கவில்லை. காகிதத்தில் சுற்றி, கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தார். பிறகு, சின்ன வயதில் தன் நாய் மிட்ஸி செத்துப்போன கதையைச் சொன்னார். தான் அழுததையும், பாட்டி வந்து அணைத்துக்கொண்டதையும், நாயைப் புதைக்க வேண்டும் என்று அப்பா சொன்னபோது தனக்கு மனமே வராததையும் மறைக்காமல் சொன்னார். சொர்க்கம், வானத்து நட்சத்திரம் என்ற சமாதானம் எதுவும் இல்லை. வருத்தமாக இருந்தது, அழுதேன், அவ்வளவுதான்.

செத்தவர் எப்படி வருகிறார்?

ரோஜர்ஸ் இறந்தபோது பெரியவர்கள் தங்கள் பால்யத்துக்கும் சேர்த்து அழுதார்கள். சின்னக் குழந்தைகள் நிலைமை வேறு. புதுப் பகுதிகள் நின்றுபோனாலும் பழையவற்றின் மறுஒளிபரப்பு நிற்கவில்லை. இறந்துவிட்டார் என்று அம்மா சொன்ன மனிதர், அதே பாட்டோடு, அதே ஸ்வெட்டரோடு கதவைத் திறந்து வருகிறார். செத்துப்போனவர் எப்படி வருகிறார் என்று நாலு வயதுக் குழந்தை கேட்டால் என்ன பதில் சொல்வது? அவர் நிகழ்ச்சியை ஒளிபரப்பிய பிபிஎஸ் தொலைக்காட்சியின் இணையதளம், ரோஜர்ஸின் சாவை ஏற்றுக்கொள்ளக் குழந்தைகளுக்கு எப்படித் துணை நிற்பது என்று பெற்றோருக்கு யோசனைகள் வெளியிட்டது. 33 ஆண்டுகளுக்கு முன்பு மீனை வைத்து அவர் நடத்திய பாடத்துக்கு இப்போது அவரே பொருளானார்.

இதே சோதனையை 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சியின் குழு முன்பே சந்தித்திருந்தது. அதில் கடைக்காரர் ஹூப்பராக 1969 முதல் நடித்துவந்த வில் லீ, 1982 டிசம்பரில் மாரடைப்பால் இறந்தார். வேறு நடிகரைப் போட்டிருக்கலாம். கடையை விற்றுவிட்டு வெளியூர் போய்விட்டார் என்று கதை கட்டியிருக்கலாம். குழந்தை உளவியலாளர்களைக் கலந்து பேசிய குழு, உண்மையையே சொல்ல முடிவெடுத்தது. அந்தப் பகுதி 1983 நவம்பர் 24 அன்று ஒளிபரப்பானது. அன்று அமெரிக்காவில் நன்றி நவிலும் நாள் விடுமுறை. குழந்தை அழுதால் தேற்றப் பெற்றோர் வீட்டில் இருப்பார்கள் என்று யோசித்துத் தேர்ந்தெடுத்த நாள். எல்லோரையும் படம் வரைந்து கொண்டுவந்த பிக் பேர்டு என்ற பெரிய மஞ்சள் பறவை, ஹூப்பர் எப்போது திரும்பி வருவார் என்று கேட்டது. இறந்தவர்கள் திரும்பி வருவதில்லை என்று பெரியவர்கள் பதில் சொன்னார்கள். நடித்தவர்களின் கண்ணீர் நிஜக் கண்ணீர்.

ரோஜர்ஸுக்குக் கிடைத்த அஞ்சலி அளவில் பெரியது என்பதைவிட, அதற்கு அவர் தகுதியானவராக இருந்தார் என்பதுதான் முக்கியம். அவர் குழந்தைகளிடம் பொய் சொல்லவில்லை. பதிலுக்கு அவர்கள் அவரை வளர்ந்த பிறகும் நம்பினார்கள். வேடிக்கை காட்டியவர்களுக்கு இந்த நம்பிக்கை கிடைப்பது அரிது.

நம் வீடுகளிலும் சாவு வரும்போது குழந்தையை முதலில் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். தாத்தா ஊருக்குப் போயிருக்கிறார், சாமியிடம் போயிருக்கிறார், தூங்குகிறார் என்று ஆளுக்கொன்று சொல்கிறோம். குழந்தையோ தாத்தா திரும்பி வரும் நாளுக்குக் காத்திருக்கிறது. சிலது தூங்கவே பயப்படுகிறது. அடுத்த முறை, தாத்தா இறந்துவிட்டார், இனி வரமாட்டார், எனக்கும் அழுகையாக வருகிறது என்று சொல்லிப் பாருங்கள். கேட்கிற கேள்விக்குத் தெரிந்தவரை பதில் சொல்லுங்கள். மடியில் உட்காரவைத்துச் சேர்ந்து அழுங்கள். அதைத் தாங்கும் தெம்பு குழந்தைகளுக்கு உண்டு.