ஆயாவுக்கு எவ்வளவு கொடுப்பது?

பொழுது புலருமுன் பால்மரம் சீவப் புறப்படும் தாய்க்குக் கத்தியையும் வாளியையும் எடுக்குமுன்னே ஒரு கவலை முந்தி நிற்கிறது. கைக்குழந்தையை யாரிடம் விட்டுச் செல்வது என்பதே அக்கவலை. அதற்கு வழி பிறந்ததும் அடுத்த கேள்வி எழுகிறது: பார்த்துக்கொள்பவருக்கு மாதம் எவ்வளவு கொடுப்பது? “பார்த்துக் கொடுங்கள்” என்பார் ஆயா. “மற்றவர்கள் கொடுப்பதைக் கொடுக்கிறேன்” என்பார் தாய். சில மாதங்கள் கழிந்ததும் இருவர் மனத்திலும் குறை தங்கிவிடுகிறது.

இத்தயக்கத்திற்குக் காரணம் உண்டு. முன்னாளில் தோட்டங்களில் ஆயாக்கொட்டகை இருந்தது. அங்கே வரிசையாகக் கட்டிய ஏணைகளில் குழந்தைகள் உறங்கினர். ஆயாவின் சம்பளத்தைத் தோட்ட நிர்வாகம் கொடுத்தது. ஆகவே, குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் ஓர் உழைப்பு, அதற்கும் விலை உண்டு என்று கணக்கிடும் பழக்கம் நமக்கு ஏற்படவில்லை. தோட்டங்கள் பல வீடமைப்பு நிலங்களாக மாறியபோது கொட்டகைகளும் மறைந்தன. அச்செலவு தொழிலாளியின் தோளில் வந்து இறங்கியது.

தோட்டக் குடியிருப்புகளில் குழந்தைகள் காப்பகம் குறித்த குறைந்தபட்சத் தரங்களை 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் வகுத்தது. எனவே, உங்கள் தோட்டத்தில் அவ்வசதி உண்டா என்பதை முதலில் அலுவலகத்தில் கேட்டறிதல் நன்று. இல்லையெனில், பின்வரும் கணக்கு உதவும்.

காலை 5 மணிக்குக் குழந்தையை ஒப்படைத்து, பால் நிறுத்து முடித்துப் பிற்பகல் 1 மணிக்கு அழைத்து வருவதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 8 மணி நேரம். 26 நாளுக்கு 208 மணி நேரம். இது ஒரு முழுநேர வேலை. நம் நாட்டில் 2025ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. தம் வீட்டில் பிள்ளை பார்க்கும் அண்டை வீட்டு அம்மாவின் கட்டணத்தை அவ்விதி நிர்ணயிப்பதில்லை. எனினும், முழுநேர உழைப்பை மதிப்பிட அது நல்லதோர் அளவுகோல்.

இனி, ஒருவர் எத்தனை குழந்தைகளைப் பார்க்கலாம்? பதிவு பெற்ற காப்பகங்களுக்கான விதியின்படி, 1 வயதுக்குட்பட்ட குழந்தைகள் மூவருக்கு ஒரு பராமரிப்பாளர் தேவை. 1 முதல் 3 வயதுக்குட்பட்டோர் ஐவருக்கு ஒருவர் தேவை. இவ்வளவை நாமும் மேற்கொண்டால், 1,700 வெள்ளியை மூன்றாகப் பங்கிட, கைக்குழந்தைக்கு ஏறத்தாழ 567 வெள்ளி வரும். ஐந்தாகப் பங்கிட, நடை பயிலும் குழந்தைக்கு 340 வெள்ளி வரும்.

567 வெள்ளி என்றதும் மலைப்புத் தோன்றுவது இயல்பே. சீவும் தாயின் வருமானத்தில் அது பெரும்பங்கு. ஆனால், செலவைக் குறைக்க வேண்டுமெனில் நேரத்தைக் குறையுங்கள். வீட்டிலுள்ள பெரியவரோ கணவரோ 2 மணி நேரம் பார்த்துக்கொண்டால், 8 மணி 6 ஆகும். 567 வெள்ளி 425 ஆகும். பால்மாவையும் துணியையும் நீங்களே கொடுத்தனுப்பினால் ஆயாவின் கைச்செலவும் குறையும்.

தலைக்கு 150 வெள்ளி என்று பேரம் பேசி முடித்தால் என்ன நேரும்? ஏறத்தாழ அதே வருமானத்தைப் பெற அந்த அம்மா 11 குழந்தைகளை ஏற்க வேண்டியிருக்கும். ஒரு சோடிக் கண்கள் 11 குழந்தைகளைக் காத்தல் இயலாது. ஒரு குழந்தைக்குப் பால் புகட்டும்போது மற்றொன்று கிணற்றடிக்கோ அடுப்பருகிலோ தவழ்ந்து செல்லும். அழுகையை அடக்க இருமல் மருந்தைப் புகட்டி உறங்க வைக்கும் எண்ணமும் சிலருக்குத் தோன்றலாம். அது குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகும். நாம் மிச்சப்படுத்தும் வெள்ளியைக் குழந்தை வேறு வழியில் செலுத்துகிறது. மேலும், ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த, 4 வயதுக்குட்பட்ட 4 அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகளைக் கட்டணம் பெற்றுப் பார்க்கும் இடம், 1984ஆம் ஆண்டின் குழந்தைகள் காப்பகச் சட்டப்படி சமூகநல இலாகாவில் பதிவு பெற வேண்டும்.

மழை நாள் குறித்தும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். மழை பெய்தால் சீவு இல்லை. சீவு இல்லையேல் தாய்க்கு வருமானம் குறையும். அன்றைய கூலியைக் கழித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால், உங்கள் குழந்தைக்காக ஓர் ஏணையை ஒதுக்கி வைத்துள்ள ஆயாவின் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டும். மாதத்திற்கு ஒரு நிலையான தொகையும், குழந்தை வரும் நாள்களுக்கு நாட்கூலியும் எனப் பிரித்துப் பேசினால் இருவரும் மழையின் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

இறுதியாக, பேசியதை ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். ஒப்படைக்கும் நேரம், அழைத்துச் செல்லும் நேரம், மாதத் தொகை, கொடுக்கும் தேதி, தாமதமானால் கூடுதல் எவ்வளவு, மொத்தம் எத்தனை குழந்தைகள் என்பன அதில் இடம்பெறட்டும். உறவினரே பார்த்துக்கொண்டாலும் எழுதுவதில் இழிவு இல்லை. வாய்ப்பேச்சு மறந்துபோகும், எழுத்து உறவைக் காக்கும்.

சீவிய பாலுக்கு நிறுவையில் ஒரு கிராம் குறைந்தாலும் நாம் கேட்கிறோம். நம் பிள்ளையைக் காக்கும் கைகளின் உழைப்பையும் அதே நேர்மையுடன் நிறுத்துக் கொடுப்போமாக.