செவியும் சிறு மீனும்

இராஜபாளையத்தில் நூற்பாலை வேலையிலேயே முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவர் என் தாய்மாமன். ஓய்வு பெற்று வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் அவரிடம் பேசுவோர் குரலை உயர்த்திப் பேசுவதே வழக்கமாகிவிட்டது. அது அவருக்குப் பிடிப்பதில்லை. “கூப்பிடுவது கேட்கிறதப்பா, சொல்லுவதுதான் விளங்கவில்லை” என்பார். அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு நோயின் இலக்கணம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பதை, விலங்கியல் படிக்கத் தொடங்கிய பின்னரே நான் அறிந்தேன்.

ஒலி செவிப்பறையை அசைக்கிறது. அந்த அசைவை மூன்று சிற்றெலும்புகள் உட்செவிக்குக் கொண்டு சேர்க்கின்றன. அங்கே நத்தைக்கூடுபோல் சுருண்ட ஒரு குழல். அதனுள் நீர். அந்நீரில் நுண்மயிர்க் கற்றையை நீட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நிற்பவை மயிர்ச் செல்கள். நீர் அசைந்தால் மயிர் சாயும். மயிர் சாய்ந்தால் செல்லில் மின் மாறுதல் தோன்றும். அதுவே நரம்பின் வழியாக மூளையை அடைந்து ஒலியாகிறது. கண்ணில் ஒளியை உணரும் செல்கள் பத்துக் கோடிக்கும் மேல் உள்ளன. ஒரு காதிலோ மயிர்ச் செல்கள் ஏறத்தாழப் பதினையாயிரம்தான். ஒரு சிற்றூரின் மக்கள்தொகை அளவு என்று சொல்லலாம். நாம் பிறக்கும்போது இருப்பவையே கடைசி வரை. இறந்தால் அந்த இடம் வெற்றிடமே.

இந்தக் குழலின் வாசலருகே உள்ள செல்கள் கீச்சொலிகளையும், உட்கோடியில் உள்ளவை கனத்த ஒலிகளையும் உணர்கின்றன. ஓயாத இரைச்சல் முதலில் தாக்குவது விநாடிக்கு 4,000 அதிர்வுகளை ஒட்டிய கீச்சொலிப் பகுதியை. பேச்சில் உயிரெழுத்துக்கள் கனமானவை, வலிமை வாய்ந்தவை. சகரம் போன்ற மெய்யெழுத்துக்களின் ஓசையோ கீச்சொலிப் பக்கம் சாய்ந்தது, மெலிந்தது. எனவே அழைக்கும் குரல் காதில் விழும், சொல் உருக்குலைந்து போகும். என் மாமன் சொன்னது இதைத்தான்.

இரைச்சலை டெசிபல் என்னும் அலகால் அளக்கிறார்கள். இந்த அலகு நம் கூட்டல் கணக்குக்கு அடங்காது. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளின்படி 90 டெசிபல் இரைச்சலில் ஒருவர் நாளுக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம். 95 ஆனால் நான்கு மணி நேரம், 100 ஆனால் இரண்டே மணி நேரம். கதிர்கள் சுழலும் ரிங் பிரேம் கூடத்தில் இரைச்சல் 90ஐ ஒட்டி நிற்பது உண்டு. நாடா ஓடும் விசைத்தறிக் கூடத்தில் அதையும் தாண்டும். இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் அத்தகைய தறிகளில்தான் காயத்துக்குக் கட்டும் துணி நெய்யப்படுகிறது. பிறர் புண்ணை ஆற்றும் துணி நெய்வோரின் காதுப் புண் மட்டும் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே இடம் பெற்றிருந்த நோய். கண்டறியும் மருத்துவர் அரசுக்கு அறிவித்தே ஆக வேண்டும். வலியும் இல்லாமல், இரத்தமும் இல்லாமல் வரும் நோயை எத்தனை பேர் மருத்துவரிடம் கொண்டு செல்கிறார்கள்?

மாமன் காலத்தில் கையில் அகப்பட்ட பஞ்சைத் திரித்துக் காதில் செருகிக்கொள்வார்களாம். பஞ்சாலையில் பஞ்சுக்கா பஞ்சம்? ஆனால் வெறும் பஞ்சு ஒலியை மிகச் சிறிதளவே தடுக்கும். காற்றுப் புகும் இடமெல்லாம் ஒலியும் புகும். நுரைப்பொருளாலான அடைப்பானை விரலால் மெல்லிதாக உருட்டி, மறு கையால் காதை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, அது விரியும் வரை பிடித்திருந்தால்தான் வழி அடைபடும். அரைகுறையாகச் செருகினால் அதுவும் பஞ்சுக்குச் சமமே.

இழந்த செல் திரும்ப வராது என்றேனே, எல்லா உயிர்களுக்கும் அதுதான் விதியா? இந்தக் கேள்விக்கு விடை தேட நாம் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போகலாம். திருமுக்குளத்தில் நீர் நிறைந்திருக்கும் நாளில் படியில் உட்கார்ந்து ஒரு சிறு கல்லைப் போடுங்கள். மீன் கூட்டம் முழுவதும் ஒரே கணத்தில் திரும்பி மறையும். மீனின் உடலில் செவுள் முதல் வால் வரை மெல்லிய கோடு ஒன்று ஓடும். அதற்குப் பக்கக்கோடு என்று பெயர். நீரின் அசைவை அறியும் உறுப்பு அது. அந்தக் கோட்டில் இருப்பவையும் மயிர்ச் செல்களே! நம் மண்டையோட்டுக்குள் ஒளிந்திருப்பவற்றின் உறவினர்கள் மீனின் தோல்மீது குடியிருக்கின்றன.

இதைப் பயன்படுத்திக்கொண்ட ஆராய்ச்சியாளர்கள் தேர்ந்தெடுத்தது நம் நாட்டு மீன் ஒன்றை. ஒன்றரை அங்குல நீளம், உடலில் நீலக் கோடுகள். வரிக்குதிரை மீன் என்று பெயர். மைசூர், மலையாள நாடுகளில் சுற்றுப்பயணம் செய்து புக்கானன் என்ற பெயரில் நூல் எழுதிய மருத்துவர், பின்னர் பிரான்சிஸ் ஹாமில்டன் என்ற பெயரில் 1822இல் வெளியிட்ட கங்கை மீன்கள் பற்றிய நூலில் இதனை முதன்முதலாக விவரித்தார். அழகுக்காகக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கப்பட்ட இந்த மீனை அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். 1981இல் வெளிவந்த அவருடைய கட்டுரைக்குப் பின் உலகெங்கும் இது பரவியது. அதன் மரபணுத் தொகுதி முழுமையாக ஆராயப்பட்டு 2013இல் வெளியானபோது, மனித மரபணுக்களில் நூற்றுக்கு எழுபதுக்கு இணையானவை இந்த மீனிடம் இருப்பது தெரிந்தது.

இதன் வளர்ச்சி ஒரு கண்காட்சி. தாயின் உடலுக்கு வெளியே, கண்ணாடி போன்ற முட்டைக்குள் எல்லாம் நடக்கிறது. ஒரு நாளில் இதயம் துடிக்கத் தொடங்கும். காதருகே தோன்றும் ஒரு செல் திரள் வாலை நோக்கி நகர்ந்து செல்லும். விதைத்துக்கொண்டே போகும் உழவனைப் போல, வழியில் இடம் விட்டு இடம் விட்டுச் சிறு செல் கொத்துக்களை அது இறக்கி வைக்கும். அவையே பக்கக்கோட்டின் உணர்மொட்டுக்கள். ஐந்தாம் நாளில் அவற்றில் மயிர்ச் செல்கள் வேலை செய்கின்றன. நீரில் சாயம் கலந்தால் அந்தச் செல்கள் சாயத்தை உட்கொண்டு விளக்குகளாக ஒளிரும். உயிருள்ள மீனில் அவற்றை எண்ணிவிடலாம்.

சாயம் எந்தக் கதவின் வழியாக உள்ளே போகிறது? மயிரின் நுனியில், அசைவை மின்னாக மாற்றும் நுண்துளை வழியாக. அதே கதவின் வழியாக நஞ்சும் போகிறது. 1943இல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் காசநோயாளிகள் பலரைப் பிழைக்க வைத்தது. சிலருடைய காதையும் உடல் நிலைப்பையும் கெடுத்தது. அதன் இனத்தைச் சேர்ந்த நியோமைசினை மீன் குஞ்சுகளின் நீரில் கலந்தால் ஒரு மணி நேரத்துக்குள் மயிர்ச் செல்கள் மடிகின்றன. இதைத் தடுக்கும் பொருள் ஏதேனும் உண்டா என்று வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 10,960 வேதிப்பொருள்களை ஒவ்வொன்றாகக் குஞ்சுகளிடம் சோதித்தார்கள். 2008இல் வெளியான முடிவில் தேறியவை இரண்டே இரண்டு! அவற்றுள் ஒன்றைத் திருத்தி உருவாக்கிய மருந்து எலிகளின் கேள்வியையும் காத்தது. கதவில் தாழ்ப்பாள் போடுவதே அதன் வேலை. மனிதரிடம் அதன் சோதனைகள் தொடங்கியுள்ளன.

இது மருந்தின் நஞ்சுக்கு மாற்று என்பதை மறந்துவிடக் கூடாது. ஆலை இரைச்சல் வேறு வழியில் கொல்கிறது. அளவுக்கு மீறி உழைத்த செல்லில் தீய வேதிப்பொருள்கள் திரண்டு அதனை அரிக்கின்றன. மயிர்ச் செல் பிழைத்தாலும் நரம்போடு அது கொண்ட இணைப்பு அறுந்துபோகலாம் என்பதை 2009இல் எலிகளில் கண்டார்கள். காதுக்குள் ஒலிக்கருவியைச் செருகிக்கொண்டு பாட்டுக் கேட்கும் மாணவ நண்பர்களுக்கும் இந்தச் செய்தி உரியது. சோதனையில் கேள்வி சரியாக இருக்கிறதென்று வரும், சந்தடியில் பேச்சு மட்டும் புரியாது.

இனி, நான் எழுப்பிய கேள்விக்கு விடை. நியோமைசினால் செல்களை இழந்த மீன் குஞ்சு மூன்றே நாளில் அவற்றைப் பெரும்பாலும் திரும்பப் பெறுகிறது. அருகிலிருக்கும் துணைச் செல்கள் பிரிந்து புதிய மயிர்ச் செல்களாகின்றன. கோழிக்குஞ்சுக்கும் இந்த வரம் உண்டு என்பது 1980களின் பிற்பகுதியில் தெரியவந்தது. நம் காதிலும் துணைச் செல்கள் இருக்கின்றன, ஆனால் எழுவதில்லை. அவற்றை எழுப்ப முயன்ற மருந்தொன்று 2023இல் மனிதச் சோதனையில் பயன் தராமல் கைவிடப்பட்டது.

இவற்றையெல்லாம் நான் ஒரு நாள் மாமனுக்கு உரத்த குரலில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்த மீனுக்கு மூன்று நாளா?” என்று மட்டும் கேட்டார். பிறகு அன்று மாலை முதல் முறையாக வேலைக்குப் புறப்பட்ட தம் பேரனை அழைத்து, அவன் சட்டைப் பையில் காது அடைப்பான் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.