வெறுந்தேநீர்: நன்மையும் வேளையும்



மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, ஒரு புறம் வாவியும் மறுபுறம் கடலுமாக அமைந்த ஊர் காத்தான்குடி. அங்கே கடைக்குச் சென்றாலும் வீட்டுக்குச் சென்றாலும் வந்தவருக்கு முதலிற் கிடைப்பது ஒரு கோப்பை வெறுந்தேநீர். பால் சேராத இத்தேநீர் உடலுக்கு நல்லதென்று பலரும் சொல்வர். அக்கூற்று எவ்வளவு உண்மையென்று இன்று நோக்குவோம்.

தேயிலைக் கொழுந்தை வாடவிட்டு உருட்டும்போது அதன் சாறு காற்றுடன் கலந்து செம்பு நிறம் பெறுகிறது. இதனைப் 'புளிக்கவைத்தல்' என்பர்; ஆனால் மாவு புளிப்பது போன்ற செயலன்று இது. அப்பொழுது தோன்றும் தியாஃப்ளேவின் முதலிய பொருள்களே தேநீருக்குச் சாயத்தையும் துவர்ப்பையும் தருகின்றன. பிரித்தானியாவில் ஏறத்தாழ 5 இலட்சம் மக்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து, 2022இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. நாள்தோறும் இரண்டு கோப்பையோ அதற்கு மேலோ தேநீர் அருந்தியோரிடையே இறப்பு 9 முதல் 13 வீதம் வரை குறைந்து காணப்பட்டது. பால் சேர்த்தோர்க்கும் சேர்க்காதோர்க்கும் இதில் வேறுபாடு இல்லை. தேநீரே இதற்குக் காரணமென்று அவ்வாய்வு நிறுவிவிடவுமில்லை.

ஆகவே பாலை விலக்குவதால் மட்டும் பெரும் பயன் விளைந்துவிடாது. கவனிக்க வேண்டியது சீனியையே. கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி வீதம் ஐந்து கோப்பை அருந்துவோர் 40 கிராமுக்குக் குறையாத சீனியை உட்கொள்கின்றனர். நாளொன்றுக்கு 25 கிராம் அளவில் நிறுத்துவது நன்றென உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவுறுத்தியது. நீரிழிவுள்ளோர் இக்கணக்கை மறத்தலாகாது.

இதனினும் பெரிது, நாம் எண்ணிப் பாராத ஒன்று: தேநீர் அருந்தும் வேளை. சோறு, பருப்பு, கீரை ஆகியவற்றிலுள்ள இரும்புச்சத்தைத் தேநீரின் துவர்ப்புப் பொருள்கள் பற்றிக்கொள்கின்றன. உணவோடு தேநீரும் சேர்ந்தால், உடலிற் சேரவேண்டிய அச்சத்திற் பாதிக்கு மேல் வீணாகக்கூடும். மீனிலும் இறைச்சியிலும் உள்ள இரும்புக்கு இத்தடை குறைவு. குடும்பத்தார் அனைவரும் உண்டபின், எஞ்சிய சோற்றையும் கீரையையும் உண்டு உடனே தேநீர் பருகும் தாய்மாரை நாம் அறிவோம். கர்ப்பிணிகளுக்கு இதனால் இரத்தச்சோகை மிகும். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்குவதும் அத்தகையதே. கைக்குழந்தைக்கு விசுக்கோத்தைத் தேநீரில் தோய்த்து ஊட்டும் வழக்கமோ அறவே விலக்கத்தக்கது.

உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது கழியட்டும். நோன்பு துறக்கும் வேளையிலும் பேரீச்சம்பழமும் கஞ்சியும் முன்னே, தேநீர் பின்னே என்று வைத்துக்கொள்ளலாம். தராவீஹ் தொழுகை முடிந்து வந்து அருந்தினாற் போதும். மிகு கொதிப்போடு பருகாமல் சற்று ஆறவிடுவது தொண்டைக்கும் நலம்.

சீனியைக் குறைத்தபின் தேநீர் சப்பென்றிருக்கிறதென்பார்க்கு, நம்மவர் தடிமனுக்கு வைக்கும் இஞ்சித் தேநீரே வழிகாட்டும். தட்டிய இஞ்சியும் சில துளி தேசிக்காய்ச் சாறும் போதும். தேசிக்காயிலுள்ள உயிர்ச்சத்து 'சி', தேநீர் தடுக்கும் இரும்பில் ஒரு பங்கை மீட்டும் தரும்.