உமிழ்நீர்க் கட்டி: எந்தச் சுரப்பி என்று கேளுங்கள்

கீழுதட்டின் உட்புறம் வலியில்லாத ஒரு கொப்புளம் வருகிறது. பல் பட்டால் உடைந்து வழுவழுப்பான நீர் வெளியேறும். சில நாட்களில் மறுபடி புடைக்கும். உதட்டைக் கடிக்கும் பழக்கம் உள்ள இளவயதினரிடம் இது அதிகம். மருத்துவர்கள் மியூக்கோசீல் என்பார்கள். இதே கோளாறு நாக்குக்கு அடியில் வந்தால் நீலம் பாய்ந்த பெரிய வீக்கமாகத் தெரியும், அது ரானுலா. வாய்க்குள் ஒன்றும் தெரியாமல் தாடைக்குக் கீழே கழுத்தில் மட்டும் மெத்தென்று புடைப்பதும் உண்டு. எதுவானாலும், ஊசியால் நீரை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. அந்த எண்ணம்தான் ஒரே கட்டிக்காக ஒருவரைத் திரும்பத் திரும்ப மருத்துவமனைப் படியேற வைக்கிறது.

காரணம், இங்கே நோய் பைக்குள் இல்லை. நம் வாயில் மூன்று இணைப் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகளும், உதடு, கன்னம், அண்ணம் என எங்கும் நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகளும் உள்ளன. கடி பட்டோ அடி பட்டோ ஒரு சுரப்பியின் குழாய் கிழிந்தால், எச்சில் வாய்க்குள் வராமல் சுற்றியுள்ள திசுவுக்குள் கசிந்து தேங்குகிறது. உடல் அதைச் சுற்றி ஓர் உறை கட்டிக்கொள்கிறது. அந்த உறை எதையும் சுரப்பதில்லை. சுரப்பது பக்கத்தில் இருக்கும் சுரப்பி. அதிலும் நாக்கின் கீழ்ச் சுரப்பி சாப்பிடும் நேரத்தில் மட்டுமல்ல, எந்நேரமும் சுரந்துகொண்டே இருக்கும். வாயின் தரையாக அமைந்த தசையில் பலருக்கு இயல்பாகவே சிறு இடைவெளி இருப்பதால், கசியும் எச்சில் அதன் வழியே கழுத்துக்கும் இறங்கிவிடுகிறது. கூரைக் குழாய் உடைந்திருக்கையில் சுவரின் ஈரத்தைத் துடைப்பதால் என்ன பயன்? சீனாவில் 580 ரானுலாக்களை ஆராய்ந்து 2004இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கட்டியின் மேல்பகுதியை மட்டும் திறந்துவிட்டபோது ஏறத்தாழ 67 சதவீதமும், பையை மட்டும் அகற்றியபோது 58 சதவீதமும் திரும்ப வந்தன. சுரப்பியையே எடுத்தபோது திரும்பியவை ஒரு சதவீதத்தை ஒட்டியே இருந்தன. கழுத்தில் இறங்கிய ரானுலாவுக்கும் இதே நியாயம்தான். வாய் வழியாகச் சுரப்பியை எடுத்து, தேங்கியதை வடித்துவிட்டாலே பெரும்பாலும் போதும். கழுத்தில் கீறித் தழும்பு உண்டாக்கத் தேவையிருக்காது.

சுரப்பியை எடுத்தால் வாய் வறண்டுபோகாதா என்று கேட்கலாம். நாக்கின் கீழ்ச் சுரப்பி தரும் எச்சில் மொத்தத்தில் மிகச் சிறிய பங்கு. மற்றவை அதை ஈடுகட்டிவிடும். அறுவையில் ஆபத்து உண்டு என்பது அதைவிடக் கனமான மறுப்பு, அதை மறைக்கக் கூடாது. நாக்கின் உணர்வு நரம்பும் தாடைச் சுரப்பியின் குழாயும் அதே இடத்தில்தான் ஓடுகின்றன. நரம்பு பாதிக்கப்பட்டால் நாக்கு மரத்துப்போகும். பெரும்பாலும் தற்காலிகமாக, சிலருக்கு நிரந்தரமாக. அதனால்தான் இந்த அறுவையில் அனுபவமுள்ளவரை நாட வேண்டும். எல்லாருக்கும் உடனே கத்தி வைக்க வேண்டும் என்பதும் இல்லை. சிறு குழந்தைகளுக்கு வரும் கட்டிகளில் சில தாமாகவே மறைகின்றன. தொந்தரவு தராதவற்றைச் சில மாதம் கவனித்துக் காத்திருக்கலாம். விழுங்கவோ பேசவோ மூச்சுவிடவோ இடைஞ்சல் வந்தால் காத்திருப்பது தவறு.

அதைவிடப் பெரிய தவறு, எல்லா வீக்கத்தையும் வெறும் நீர்க்கட்டி என்று முடிவுகட்டுவது. மேலுதட்டிலும் அண்ணத்திலும் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னாலும் தோன்றும் கட்டி, மியூக்கோசீல் போலவே தெரிந்தாலும், சுரப்பிப் புற்றாக இருக்கலாம். நாற்பது வயதைத் தாண்டியவரின் கழுத்தில் புதிதாக வரும் நீர் நிறைந்த கட்டி, தொண்டையிலோ டான்சிலிலோ ஒளிந்திருக்கும் புற்றின் முதல் அடையாளமாகலாம். காசநோய் நெறிக்கட்டியும் அதே இடத்தில் வரும். காதுக்கு முன் இருபுறமும் வீங்கினால் எச்ஐவி பரிசோதனை தேவைப்படலாம். சாப்பிடும்போது மட்டும் தாடைக்கடியில் வீங்கி வலித்தால் குழாயில் கல் அடைத்திருக்கக்கூடும். ஆகவே கழுத்துக் கட்டிக்கு அல்ட்ராசவுண்டும், தேவையானால் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும், ஊசிப் பரிசோதனையும் வேண்டும். ஊசியில் எடுத்த நீரில் அமைலேஸ் நொதி மிகுந்திருந்தால் அது எச்சில்தான் என்று உறுதிப்படும். ஊசிக்கு நியாயமான இடம் இந்தக் கண்டறிதலில்தான் என்பது என் கருத்து.

மருத்துவரிடம் இதையெல்லாம் கேட்பது மரியாதைக் குறைவு என்று தயங்குபவர்கள் சட்டம் சொல்வதை அறிய வேண்டும். சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், கணிசமான ஆபத்துகள், சிகிச்சையை மறுத்தால் நேரக்கூடியவை ஆகியவற்றைச் சொல்லியே ஒப்புதல் பெற வேண்டும் என்றது. பரிசோதனைக்குத் தந்த ஒப்புதலைக் கொண்டு சிகிச்சை செய்யவும் கூடாது. உயிரையோ உடல்நலத்தையோ காக்கும் அவசரம் மட்டுமே விதிவிலக்கு. மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள். கவனக்குறைவால் தீங்கு நேர்ந்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். கட்டி திரும்ப வந்தது என்பது மட்டும் கவனக்குறைவாகிவிடாது. திரும்பக்கூடும் என்பதை முன்பே சொல்லாமல் விட்டிருந்தால் கேள்வி எழுப்ப இடமுண்டு.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலும், சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும் இதற்குச் சிகிச்சை உண்டு. எங்கே போனாலும் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: எந்தச் சுரப்பியிலிருந்து கசிகிறது, அதை எடுக்கிறீர்களா, இல்லையென்றால் ஏன்? எடுத்த திசு எவ்வளவு சிறியதானாலும் பயாப்சிக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதன் அறிக்கையைக் கையில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.