வால்வு ரேடியோவுக்கு மறுவாழ்வு

பெங்களூருக்குப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு காலத்தில் தாய்மொழியை வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்தது சிற்றலை வானொலி. இலங்கை வானொலியும், 1941இல் தொடங்கிய பி.பி.சி. தமிழ் ஒலிபரப்பும் அப்படி வந்தவைதான். பி.பி.சி.யின் தமிழ் வானொலி 2017 ஏப்ரல் 30ஆம் தேதியோடு நின்றது. ஆனால் அதைக் கேட்ட வால்வு ரேடியோக்கள் எங்கள் தொம்மலூர், அல்சூர் பக்கம் சில வீட்டுப் பரண்களில் இன்னும் தூங்குகின்றன. பழைய சாமான்காரருக்கு எடைக்குப் போடுமுன் இதைக் கொஞ்சம் படியுங்கள்.

வால்வுக்கும் நம்மூருக்கும் உறவு உண்டு. 1954இல் தொடங்கப்பட்டு ஜாலஹள்ளியில் வளர்ந்த பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961 முதல் ரேடியோ வால்வுகளைத் தயாரித்தது.

பரணிலிருந்து இறக்கியதும் பிளக்கைச் சொருகிப் பார்க்கத்தான் கை துடிக்கும். கூடவே கூடாது! முதலுக்கே மோசம் வந்துவிடும். காரணம் காகிதக் கண்டென்சர்கள். ஐம்பது அறுபது வருஷத்தில் காகிதம் ஈரம் குடித்து, அடைத்து நிற்க வேண்டிய மின்சாரத்தைக் கசிய விடும். அந்தக் கசிவு ஸ்பீக்கரை ஓட்டும் கடைசி வால்வின் கிரிட்டுக்குப் போனால், வால்வு அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்துச் சூடேறும். அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் எரிந்துபோகும். பத்து இருபது ரூபாய்ச் சாமானைப் பார்த்து, கிடைக்காத பொருளை இழப்பது வியாபாரமா?

ஆகவே முதல் வேலை, காகிதக் கண்டென்சர்களைக் கழற்றி, அதே அளவில் 630 வோல்ட் தாங்கும் பாலியெஸ்டர் வகையைப் பற்றவைப்பது. மின்சாரத்தைச் சீராக்கும் பெரிய எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களும் காய்ந்திருக்கும்; மாற்றிவிடுங்கள். இவை எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். எலி கடித்த ஒயரையும் கவனியுங்கள். காயில்களின் திருகுகளை மட்டும் தொடாதீர்கள்; சுருதி கலைந்துவிடும்.

அடுத்து, 60 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்து மின்சாரம் கொடுக்க வேண்டும். பல்பு ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால் நல்லது. பிரகாசமாகவே எரிந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது, உடனே நிறுத்துங்கள்.

உயிருக்கு ஆபத்தான இடமும் உண்டு. வால்வின் எண் 'யு' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால், அது பெரும்பாலும் டிரான்ஸ்பார்மர் இல்லாத ஏ.சி. – டி.சி. செட். அதன் இரும்புச் சட்டமே வீட்டு மின்சாரத்தோடு நேராகச் சேர்ந்திருக்கும். மற்ற செட்டுகளிலும் உள்ளே சுமார் 250 வோல்ட் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் தங்கும். பழக்கமில்லாதவர்கள் தெரிந்த மெக்கானிக்கைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

ரேடியோ பாட ஆரம்பித்ததும் மாடியில் பத்து மீட்டர் ஒயர் கட்டுங்கள். பகலில் 19, 25 மீட்டரிலும், இருட்டிய பின் 41, 49 மீட்டரிலும் தேடுங்கள். வானத்து அயனி மண்டலம் இரவில் மாறுவதால் இந்த வித்தியாசம். வீட்டு எல்.இ.டி. விளக்கையும் செல்போன் சார்ஜரையும் அணைத்தால் இரைச்சல் குறையும். நிலையங்கள் முன்போல் இல்லை; தூரத்துக் குரலைத் தேடிப் பிடிக்கும் சுகம் மட்டும் குறையவில்லை.

கடைசியாக ஒன்று. தொம்மலூர் சொக்கநாதர் கோயில் கல்வெட்டுகள் யார் என்ன கொடுத்தார் என்று சொல்கின்றன. நீங்களும் ரேடியோ யாருடையது, எதை எப்போது மாற்றினீர்கள் என்று ஒரு சீட்டு எழுதிப் பின்மூடிக்குள் ஒட்டுங்கள். பேரப்பிள்ளைகளுக்குப் பெட்டியோடு அதன் கதையும் போய்ச் சேரட்டும்.