மின்சாரம் விற்பனைக்கு – 9: இரண்டே வியாபாரிகள்

சிலி நாடு 1982-ல் கொண்டுவந்த மின்சாரச் சட்டத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். மின்சாரத்தைச் சந்தையில் விடும் அதே காரியத்தை உலகம் முழுக்கக் கவனிக்கும்படி செய்தது பிரிட்டன். 1990 மார்ச் 31 அன்று, இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மின்சாரம் உற்பத்தி செய்துவந்த சிஇஜிபி என்ற அரசு வாரியம் நான்காகப் பிரிந்தது. அனல்மின் நிலையங்கள் நேஷனல் பவர், பவர்ஜென் என்ற இரண்டு நிறுவனங்களுக்குப் போயின. அணுமின் நிலையங்கள் நியூக்ளியர் எலெக்ட்ரிக்கிடமும் உயரழுத்த மின்தடங்கள் நேஷனல் கிரிட்டிடமும் சேர்ந்தன. அன்று முதல் மொத்த மின்சாரம் ‘பூல்’ என்ற பொதுச் சந்தையில் அரை மணிக்கு ஒரு விலையில் கைமாறியது.

அந்தச் சந்தையின் விதிகளை எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனாலும் அது பல ஆண்டுகள் தன் விலையை ஒழுங்காகச் சொல்ல முடியாமல் தவித்தது. அங்கே விலையைத் தீர்மானிக்கும் இடத்தில் இருந்தவர்கள் இரண்டே பேர் என்பதுதான் காரணம். ஏன் இரண்டு பேர்? இந்தக் கேள்விக்கான விடை சந்தையில் இல்லை, அணு உலையில் இருக்கிறது.

சிஇஜிபியின் தலைவர் வால்டர் மார்ஷல் இயற்பியலாளர். அணுமின்சாரத்தில் அசையாத நம்பிக்கை கொண்டவர். 1984-85-ல் நிலக்கரித் தொழிலாளர்கள் ஓராண்டு நடத்திய வேலைநிறுத்தத்தின்போது, எண்ணெயை எரித்தும் அணு உலைகளை ஓய்வின்றி ஓட்டியும் நாட்டில் விளக்கு அணையாமல் காத்தவர். மார்கரெட் தாட்சர் அரசு அந்த வெற்றிக்கு அவரிடம் கடன்பட்டிருந்தது. 1985-ல் அவர் பிரபுவானார். அதே அரசு 1988 பிப்ரவரியில், எரிசக்தி அமைச்சர் சிசில் பார்க்கின்சன் வழியாக, அவருடைய வாரியத்தைப் பிரித்து விற்கும் திட்டத்தை வெளியிட்டது. மார்ஷல் எதிர்த்தார். அணு உலைகளைத் தாங்க வேண்டுமென்றால் நிறுவனம் பெரிதாக இருந்தாக வேண்டும் என்பது அவருடைய வாதம். கடைசியில் உற்பத்தியில் 70 சதவீதம் அணு உலைகளோடு சேர்த்து ஒரு நிறுவனத்துக்கு, மீதி 30 சதவீதம் இன்னொன்றுக்கு என்று முடிவானது.

பிறகு பங்குகளை விற்கும் நேரம் நெருங்கியது. கணக்கைக் கிளறக் கிளற, பழைய உலைகளைக் கலைத்து மூடும் செலவும் கழிவின் செலவும் பூதாகரமாக வெளிவந்தன. எந்த முதலீட்டாளரும் அவற்றைத் தொடத் தயாராக இல்லை. 1989 ஜூலையில் பழைய மேக்னாக்ஸ் உலைகள் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டன. நவம்பர் 9 அன்று மற்ற அணுமின் நிலையங்களும் விலக்கப்படுவதாக, பார்க்கின்சனுக்குப் பின் வந்த ஜான் வேக்கம் அறிவித்தார். பெர்லின் சுவர் திறந்த அதே நாள் என்பதால் வெளியுலகம் இதை அதிகம் கவனித்திருக்காது. அடுத்த மாதம் மார்ஷல் பதவி விலகினார்.

அணு உலைகள் போய்விட்டன. அவற்றைச் சுமப்பதற்காகவே பெரிதாக வளர்க்கப்பட்ட நேஷனல் பவர் அப்படியே நின்றது. மறுபடி ஐந்தாகவோ ஆறாகவோ பிரிக்கலாம் என்றால் புதிய அமைப்பு நடைமுறைக்கு வரச் சில மாதங்களே இருந்தன. யாரும் துணியவில்லை. அந்த ஐந்து மாதத் தயக்கத்துக்கு பிரிட்டிஷ் மக்கள் பல ஆண்டுகள் விலை கொடுத்தார்கள் என்றே நான் கருதுகிறேன்.

இப்போது பூல் எப்படி இயங்கியது என்று பார்ப்போம். ஒவ்வொரு நாளும் காலை பத்து மணிக்குள், ஒவ்வொரு மின் நிலையமும் தன் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் மறுநாளுக்கான விலைப்புள்ளி கொடுக்க வேண்டும். நேஷனல் கிரிட் மறுநாளின் தேவையை அரை மணி அரை மணியாக, 48 துண்டுகளாகக் கணித்து, மலிவான இயந்திரத்திலிருந்து வரிசையாக எடுத்துக்கொண்டே போகும். தேவையை நிறைவு செய்யும் கடைசி இயந்திரம் கேட்ட விலை எதுவோ, அதுதான் அந்த அரை மணிக்கு எல்லோருக்கும் விலை. இதோடு இன்னொரு தொகையும் சேரும். மின்சாரம் போதாமல் போகும் வாய்ப்பு எவ்வளவு என்று கணித்து, போதாமல் போனால் வாடிக்கையாளருக்கு ஒரு யூனிட்டுக்கு நேரும் இழப்பை 2 பவுண்டு என்று வைத்து, அதற்கேற்ப உற்பத்தியாளருக்குக் கூடுதல் பணம். மொத்த விலை யூனிட்டுக்கு இரண்டு பென்ஸ் அளவில் இருந்த காலத்தில், 2 பவுண்டு என்பது அதைப் போல நூறு மடங்கு. கையிருப்பு குறைந்தால் விலை ஏறும், அதைப் பார்த்துப் புதிய நிலையங்கள் வரும் என்பது எண்ணம்.

மின்சாரத்தை மூட்டை கட்டிக் கிடங்கில் வைக்க முடியாது. பூல் பிறந்து நூறு நாள்கூட ஆகாத 1990 ஜூலை 4 இரவு, டூரினில் உலகக் கோப்பை அரையிறுதி. மேற்கு ஜெர்மனியிடம் இங்கிலாந்து பெனால்டியில் தோற்றது. ஆட்டம் முடிந்ததும் லட்சக்கணக்கான வீடுகளில் தேநீருக்குக் கெட்டில் சுவிட்சைத் தட்டினார்கள். சில நிமிடங்களில் மின்தேவை 2,800 மெகாவாட் எகிறியது. வேல்ஸ் மலைக்குள் இருக்கும் டினார்விக் போன்ற நீரேற்று நிலையங்கள் இப்படிப்பட்ட கணங்களுக்காகவே கட்டப்பட்டவை. நம் காடம்பாறை மாதிரிதான், கீழ் ஏரித் தண்ணீரை இரவில் மேலே ஏற்றிவைத்து, வேண்டும்போது திறந்துவிடுவார்கள். தேவை எழுந்த நொடியில் மின்சாரம் இருந்தாக வேண்டும். கடைசி இயந்திரத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு அந்த நொடியில் கிடைக்கும் பலம், அரிசி வியாபாரிக்கோ துணி வியாபாரிக்கோ ஒருபோதும் கிடைக்காது.

கணக்குக்காக ஒரு நிறுவனத்திடம் 15,000 மெகாவாட் ஓடுகிறது என்று வைப்போம். அது 500 மெகாவாட்டை நிறுத்திவைக்கிறது. யூனிட் விலை 2 பென்ஸிலிருந்து 2.2 பென்ஸ் ஆகிறது. நிறுத்திய இயந்திரத்தில் யூனிட்டுக்கு 0.3 பென்ஸ் லாபம் போனது என்றால், மணிக்கு 1,500 பவுண்டு நஷ்டம். மற்ற 14,500 மெகாவாட்டில் 0.2 பென்ஸ் கூடியதால் வரவு மணிக்கு 29,000 பவுண்டு. சின்ன நிறுவனம் இதைச் செய்தால் கையைச் சுட்டுக்கொள்ளும். பெரிய நிறுவனத்துக்கு இது சட்டம் மீறாத வருமானம். தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலான மின்சாரத்துக்கு முன்கூட்டியே விலை ஒப்பந்தம் போட்டிருந்ததால் இந்த ஆசை ஓரளவு அடங்கியிருந்தது. ஒப்பந்தங்கள் முடிய முடிய அது தலைதூக்கியது.

அதற்கு முன்பே ஒரு சம்பவம். இயந்திரங்கள் நாளைக்கு ஓடாது என்று முந்தின நாள் அறிவிப்பது, அதனால் தட்டுப்பாட்டுத் தொகை ஏறியதும், மறுநாள் ‘இப்போது ஓடும்’ என்று திருத்திச் சொல்லி அந்தத் தொகையையும் வாங்கிக்கொள்வது. பவர்ஜென் இப்படி நடந்துகொண்டதை 1991-ல் ஒழுங்குமுறை அலுவலகம் விசாரித்து, விதியை மாற்ற வைத்தது. மறு ஆண்டு ரிச்சர்ட் கிரீன், டேவிட் நியூபரி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். இரண்டு நிறுவனங்கள் இருக்கும் சந்தையில் விலை செலவைவிட வெகு உயரத்தில் நிற்கும், ஐந்தாகப் பிரித்திருந்தால் போட்டி நிஜமாக இருந்திருக்கும் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள்.

ஒழுங்குமுறை அதிகாரி ஸ்டீபன் லிட்டில்சைல்ட் போட்டியில் முழு நம்பிக்கை கொண்டவர். அவரே 1994-ல் விலைக்கு உச்சவரம்பு போட வேண்டியதாயிற்று. இரண்டு ஆண்டுகளுக்குப் பூலின் சராசரி விலை யூனிட்டுக்கு 2.4 பென்ஸைத் தாண்டக் கூடாது, இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து 6,000 மெகாவாட் நிலையங்களைக் கைமாற்ற வேண்டும் என்று ஒப்புக்கொள்ள வைத்தார். அந்த 6,000 மெகாவாட்டும் ஈஸ்டர்ன் என்ற ஒரே விநியோக நிறுவனத்திடம் போனது. இரண்டு மூன்றாயிற்று, அவ்வளவுதான்.

இதற்கிடையில் நிலக்கரிப் பகுதிகளில் நடந்ததை மறக்கக் கூடாது. இயற்கை எரிவாயு மலிவாகக் கிடைத்தது. விநியோக நிறுவனங்கள் இரட்டையரின் பிடியிலிருந்து தப்ப, சொந்தமாக எரிவாயு நிலையங்களோடு நீண்டகால ஒப்பந்தம் போட்டன. என்ரான் முன்னின்று கட்டிய டீசைடு நிலையம் ஒன்றே 1,875 மெகாவாட். அந்த ஒப்பந்தங்களின் செலவை, வேறு கடைக்குப் போக முடியாத வீட்டு வாடிக்கையாளரின் பில்லில் ஏற்றிவிட முடிந்தது. வீடுகளுக்குத் தேர்வுரிமை வரத் தொடங்கியது 1998-ல்தான். அரசு ஏற்பாடு செய்த மூன்றாண்டு நிலக்கரி ஒப்பந்தம் 1993 மார்ச்சில் முடியவிருந்தது. அதற்கு முன்பே, 1992 அக்டோபர் 13 அன்று, 50 சுரங்கங்களில் 31 மூடப்படும், 30,000 பேர் வேலை இழப்பார்கள் என்று அமைச்சர் மைக்கேல் ஹெசல்டைன் அறிவித்தார். வேலைநிறுத்தத்தில் சேராமல் சுரங்கத்தில் இறங்கி, மார்ஷலுக்குக் கரி அனுப்பிய நாட்டிங்காம்ஷயர் தொழிலாளர்களின் ஊர்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. எரிவாயுவால் காற்று சுத்தமானது என்பது உண்மை. ஆனால் போட்டியற்ற சந்தையைச் சுற்றிப் போக எடுத்த அவசரமும் இதில் கலந்திருந்தது. அந்த அவசரத்தின் பாரத்தைத் தனியாகச் சுமந்தவை சுரங்க ஊர்கள்.

1999-ல் ட்ராக்ஸ், ஃபெரிபிரிட்ஜ் போன்ற பெரிய நிலையங்களும் விற்கப்பட்டு, விற்பவர்கள் பலரானார்கள். 2001 மார்ச் 27 அன்று பூல் மூடப்பட்டு, வாங்குபவரும் விற்பவரும் நேரடியாக ஒப்பந்தம் பேசும் நீட்டா என்ற புதிய முறை வந்தது. 1998-லிருந்து கணக்கிட்டால் மொத்த விலை சுமார் 40 சதவீதம் சரிந்தது. புதிய விதிகளால்தான் சரிந்தது என்று அரசு பெருமைப்பட்டது. நிலையங்கள் பலர் கைக்குப் போனதற்கும் உற்பத்தித் திறன் மிகுந்து கிடந்ததற்கும் நான் அதிகப் பங்கு கொடுப்பேன். அந்தச் சரிவில் விழுந்தவற்றில் ஒன்று, 1996-ல் ஒருவழியாகத் தனியாருக்கு விற்கப்பட்ட அணுமின் நிறுவனமான பிரிட்டிஷ் எனர்ஜி. 2002 செப்டம்பரில் அது அரசிடம் கைநீட்டியது. முதலில் 410 மில்லியன் பவுண்டு அவசரக் கடன், அதே மாதத்தில் அது 650 மில்லியனாக உயர்த்தப்பட்டது.

லிட்டில்சைல்டின் உச்சவரம்பு காலாவதியான அதே வசந்தத்தில், 1996 ஏப்ரல் 1 அன்று, உலக வங்கிக் கடனோடும் பிரிட்டிஷ் அரசின் உதவியோடும் ஒடிசா தன் மின்வாரியத்தைப் பிரிக்கத் தொடங்கியது. இந்தியாவின் முதல் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் அங்கேதான் அமைந்தது. அடுத்த வாரம் புவனேஸ்வர் போவோம்.

(தொடரும்)