கடந்தகால ஏக்கமும் ஓர் ஊழியரின் அழைப்பும்

அமெரிக்க நாட்டில் நடுவயதைக் கடந்தோர் தம் இளமையில் கண்ட சிறுவர் தொலைக்காட்சியை எண்ணி ஏங்குவதைக் காண்கிறோம். 1955 முதல் 1984 வரை சி.பி.எஸ். ஒளிபரப்பில் 'கேப்டன் கங்காரு'வாகத் தோன்றிய பாப் கீஷனையும், 1968 முதல் 2001 வரை 'மிஸ்டர் ராஜர்சின் அயலகம்' என்னும் நிகழ்ச்சியை நடத்திய பிரெட் ராஜர்சையும் அவர்கள் அன்போடு நினைவுகூருகின்றனர். அந்நாட்கள் தூயவை, இந்நாட்கள் கெட்டவை என்ற எண்ணமே இவ்வேக்கத்தின் அடிப்படை. ஆனால் இவ்வாறு காலங்களை ஒப்பிட்டு முறையிடுவதை ஞானமெனப் பிரசங்கியின் நூல் ஏற்கவில்லை (7:10).

அந்நாட்கள் உண்மையில் எத்தகையவை? ராஜர்சின் நிகழ்ச்சி நாடெங்கும் ஒளிபரப்பாகத் தொடங்கிய 1968-ஆம் ஆண்டிலேயே மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்டனர். வியட்நாமில் போர் நடந்துகொண்டிருந்தது. ஆகவே ராஜர்ஸ் நல்ல காலத்தின் விளைவல்லர். தீய காலத்தில் குழந்தைகளின் அருகில் நின்றவர் என்பதே பொருந்தும்.

பிரஸ்பிட்டேரியன் சபை 1963-இல் அவருக்குக் குருப்பட்டம் அளித்தபோது, ஒரு சபையின் பொறுப்பை அவரிடம் ஒப்புவிக்கவில்லை. தொலைக்காட்சியின் வாயிலாகக் குழந்தைகளுக்கு ஊழியம் செய்யும்படியே அனுப்பிற்று. அவர் அங்கே பிரசங்கம் செய்யவில்லை. எனினும் அவ்வழைப்பை அவர் எவ்வாறு நிறைவேற்றினார் என்பது நாம் கற்கத்தக்கது.

கென்னடி கொலையுண்டபோது, சில நாட்களுக்குள் தனி நிகழ்ச்சியொன்றை அளித்து, அச்சொல்லின் பொருளைக் கேட்கும் குழந்தையின் அச்சத்திற்கு ஒரு கைப்பொம்மையின் வாயிலாக இடமளித்தார். நீச்சற்குளங்களில் நிறவேற்றுமை இன்னும் மறையாத 1969-இல், கறுப்பினக் காவலர் வேடமேற்ற பிரான்சுவா கிளெமன்சை அழைத்து, ஒரே சிறு தொட்டியில் இருவரும் கால் நனைத்தனர். ஒரே துவாலையைப் பகிர்ந்தனர். யோவான் 13-ஆம் அதிகாரத்தை அறிந்தோர்க்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. 1970-இல் தம் தொட்டியில் மீனொன்று இறந்துகிடக்கக் கண்டபோது அதை மறைக்காமல் குழந்தைகள் காண அடக்கம் செய்து, தாம் சிறுவனாயிருந்தபோது இறந்துபோன நாயைப் பற்றியும் தம் துயரத்தைப் பற்றியும் பேசினார்.

இங்கே நாம் நம்மையே சோதித்தறிய வேண்டும். அடக்க ஆராதனையில் அழுகின்ற பெரியோருக்கு ஆறுதல் கூறுகிறோம். ஓரத்தில் நிற்கும் பேரப்பிள்ளையிடம் ஒரு வார்த்தையேனும் பேசுகிறோமா? "உனக்கு ஒன்றும் தெரியாது, வெளியே போய் விளையாடு" என்று அனுப்பிவிடுகிறோம். பிள்ளையோ அச்சத்தைத் தனியே சுமந்து செல்கிறது.

தனக்குப் பிறன் யார் என்று நியாயசாஸ்திரி கேட்டான். ஆண்டவரோ, காயப்பட்டவனுக்குப் பிறனாயிருந்தவன் யார் என்று திருப்பிக் கேட்டார் (லூக்கா 10). ராஜர்ஸ் 2003-இல் காலமானார். அவரைப் போன்றோர் இன்று இல்லையே என்று வருந்துவதால் எந்தக் குழந்தைக்கும் ஆறுதல் கிட்டாது. வரும் வாரத்தில் துயருற்ற வீடொன்றிற்குச் செல்வோமானால், அங்குள்ள சிறு பிள்ளையின் அருகே முதலில் அமர்ந்து, அது கேட்பதைப் பொறுமையோடு கேட்டு, உண்மையையே எளிய சொற்களில் கூறுவோமாக.